கணக்குக்குக் காலிபரேஷன்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லம் வடகால், ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் போகும் சாலையில் எந்த உதிரிபாகத் தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும் அளவுக் கருவிகள்மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். காலிபரேஷன் செய்த தேதி, அடுத்து செய்ய வேண்டிய தேதி, கருவியின் எண். மைக்ரோமீட்டருக்கு உண்டு, டயல் கேஜுக்கு உண்டு, துளையைச் சோதிக்கும் பிளக் கேஜுக்கும் உண்டு. தேதி கடந்த கருவி லைனில் கிடந்தால் ஆடிட் நாளில் வசமாக மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்தக் கருவி தந்த எண்கள் கணினிக்குள் போன பிறகு, அவற்றை வைத்துக் கணக்குப் போடும் எக்செல் தாளுக்கோ, மினிடேப் கோப்புக்கோ, ஆர் மொழியில் எழுதிய நிரலுக்கோ அப்படியொரு ஸ்டிக்கர் கிடையாது. முன்பு வேலையில் இருந்த யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன ஃபைல் அது. எண்களை ஒட்டினால் விடை வருகிறது. விடை வருவதாலேயே சரியான விடை என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. புள்ளியியல் நிரலாக்கத்தில் உண்மையிலேயே ஆபத்தானது இந்த இடம்தான். நிரலை நிறுத்திச் சிவப்பு எழுத்தில் கத்தும் பிழையை யாரும் தவறவிட மாட்டார்கள். சத்தமில்லாமல் ஓடி முடித்து நம்பத்தகுந்த ஒரு எண்ணை நீட்டும் பிழைக்கு, பிரச்சினையை விடை முன்கூட்டியே தெரியும் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு நம்பகமான மருந்து இல்லை. இணையத்தில் முகம் தெரியாத நிரலாளர்களிடம் உதவி கேட்பவர்கள் கடைப்பிடித்தாக வேண்டிய ஒழுங்கு, இந்தச் சுருக்கலைக் கட்டாயமாக்குகிறது. அந்த உதவியால் கிடைக்கும் பலனில் பாதிக்கு மேல், பதில் வருவதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது என்பது என் வாதம்.

இந்தப் பகுதிக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் சான்ட்ரோவை வெளியே அனுப்பியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் திறந்தது; டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை 2012இல்; அடுத்த ஆண்டே ராயல் என்ஃபீல்டு. இந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு என்று சப்ளையர்கள். ஒரு புதிய பாகத்தைத் தயாரிக்க அனுமதி வாங்க வேண்டுமானால் சப்ளையர் ஒரு தடித்த ஃபைலைக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிபிஏபி என்று பெயர். அதில் வரைபடம், பொருள் சோதனை ஆகியவற்றோடு இரண்டு புள்ளியியல் எண்களும் இருக்கும். ஒன்று, தயாரிப்பு முறை எல்லைக்குள் எவ்வளவு வசதியாக நிற்கிறது என்று சொல்லும் சிபிகே. மற்றொன்று, அளக்கும் முறையையே சோதிக்கும் கேஜ் ஆர் அண்டு ஆர். சிபிகே 1.67க்கு மேல் இருந்தால் கதவு திறக்கும், 1.33க்குக் கீழே போனால் மூடும். நடுவில் இருந்தால் பேச்சுவார்த்தை. ஒரு ஆர்டர், அதை நம்பி வாங்கிய இயந்திரம், அதில் வேலைக்கு எடுத்த ஆட்கள் எல்லாம் இரண்டாம் தசம இடத்தில் தொங்குகிற எண் அது.

அந்த எண் எப்படி வருகிறது என்று அருகில் போய்ப் பார்க்கலாம். ஒரு ஷாஃப்ட்டின் விட்டம் 25.00 மி.மீ., கூடவோ குறையவோ 0.05 வரை அனுமதி என்று வைத்துக்கொள்வோம். ஐந்தைந்து பாகங்களாக 25 தடவை எடுத்து 125 அளவுகள் பதிவாகியிருக்கின்றன. சராசரி 25.008. அருகில் இருக்கும் எல்லை 25.05, இடைவெளி 0.042. இதைத் திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கால் வகுத்தால் சிபிகே. சப்ளையரின் மென்பொருள் திட்டவிலக்கம் 0.008 என்கிறது, விடை 1.75. வாடிக்கையாளர் நிறுவனத்தின் பொறியாளர் அதே 125 எண்களை எக்செலில் போட்டு, தயாராக இருக்கும் திட்டவிலக்கச் சூத்திரத்தை இழுத்துவிடுகிறார். அவருக்கு 0.0105 வருகிறது, விடை 1.33. ஒருவர் ஃபைலில் பாஸ், மற்றவர் ஃபைலில் பேச்சுவார்த்தை. இரண்டு பேரின் கணினியிலும் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. உண்மையில் இரண்டு கணக்கும் சரி. முதலாவது, ஐந்தைந்தாக எடுத்த சின்னக் குழுக்களுக்குள் மட்டும் இருக்கும் மாறுபாட்டை வைத்துப் போட்டது. இரண்டாவது, காலை ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும், புது டூலுக்கும் தேய்ந்த டூலுக்கும் இடையே சராசரி நகர்ந்ததையும் சேர்த்துப் போட்டது. அதற்குப் பிபிகே என்று தனிப் பெயரே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, இந்தத் தயாரிப்பு முறை நாள்போக்கில் நகர்கிறது என்ற பயனுள்ள செய்தி. ஆனால் 'என் மென்பொருள் தப்பாகச் சொல்கிறதா?' என்று கேட்டுக்கொண்டிருக்கும் வரை அந்தச் செய்தி காதில் விழாது.

இப்படி இரண்டு திட்டவிலக்கம் வந்து சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1924இல் அமெரிக்காவில் வால்டர் ஷூஹார்ட் கட்டுப்பாட்டு வரைபடத்தை முன்வைத்தபோது கணினி இல்லை. தொழிலாளி ஐந்து எண்களில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து ரேஞ்ச் எழுதுவார். ரேஞ்சுகளின் சராசரியை, ஐந்து அளவுகள் கொண்ட குழுவுக்கான 2.326 என்ற மாறிலியால் வகுத்தால் திட்டவிலக்கத்தின் மதிப்பீடு கிடைக்கும். வர்க்கமூலம் தேவையில்லை, பென்சிலும் தாளும் போதும். மகலனோபிஸ் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அழைப்பில் ஷூஹார்ட் 1947–48இல் இந்தியாவுக்கே வந்தார். அரை நூற்றாண்டு கழித்து, 1998இல், சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு தர மேலாண்மைக்கான டெமிங் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் டிவிஎஸ், ரானே குழுமங்களின் ஆலைகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அதாவது, எண்களை மதிக்கும் பழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. மாறியது வேறொன்று. பென்சிலால் போட்ட காலத்தில் ஒவ்வொரு எண்ணும் யாரோ ஒருவரின் கண்ணைக் கடந்துதான் சராசரிக்குள் போனது. 24.98க்குப் பக்கத்தில் 249.8 என்று இருந்தால் கை நின்றுவிடும். இன்றைய நிரல் நிற்காது.

இதைவிடக் கள்ளத்தனமான உதாரணம் கேஜ் ஆர் அண்டு ஆரில் இருக்கிறது. வழக்கமான சோதனை இப்படி: பத்து பாகங்கள், மூன்று ஆபரேட்டர்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாகத்தையும் மூன்று முறை அளக்க வேண்டும். மொத்தம் 90 அளவுகள். அளவுகளில் தெரியும் மாறுபாட்டில் எவ்வளவு பாகங்களுக்கிடையே உண்மையிலேயே உள்ளது, எவ்வளவு அளந்த ஆளாலும் கருவியாலும் வந்தது என்று பிரிப்பதே வேலை. ஆளும் கருவியும் சேர்ந்த பங்கு 10 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது. 30க்கு மேல் போனால் அந்த அளக்கும் முறையை ஏற்க முடியாது. பிரிக்கும் கணக்குக்கு அனோவா என்று பெயர். ஆர் மொழியில் ஒரே வரியில் எழுதிவிடலாம். அட்டவணையில் மூன்று நெடுவரிசைகள்: பாகத்தின் எண், ஆபரேட்டர், அளவு. ஆபரேட்டர்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்தில் பெயர் கொடுத்திருப்பார்கள். பாகங்களுக்கு 1 முதல் 10 வரை எண். இங்கேதான் விஷயம் சறுக்குகிறது. எழுத்தாக இருப்பதால் ஆபரேட்டரை மூன்று தனித்தனி வகைகள் என்று மொழி சரியாகப் புரிந்துகொள்கிறது. ஆனால் பாகம் எண்ணாக இருப்பதால், அதை ஒரு அளவு என்று நினைத்துக்கொள்கிறது. பத்தாம் பாகம் ஐந்தாம் பாகத்தைப் போல இரண்டு மடங்கு 'பாகத்தன்மை' கொண்டது என்பது போல ஒரு நேர்கோட்டைப் பொருத்துகிறது. பாகங்களுக்குப் போட்ட வரிசை எண்ணுக்கும் அவற்றின் விட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லாததால் கோடு எதையும் பிடிக்காது. பாகங்களுக்கிடையே இருந்த உண்மையான வேறுபாடு முழுவதும் மிச்சக் கணக்கில் போய் விழும். மிச்சம் என்பது இந்தச் சோதனையில் கருவியின் தலையில் எழுதப்படுவது. ஆக, நல்ல கேஜ் ஒன்று படுமோசமான கேஜாகத் தெரியும். புது கேஜுக்கு கொட்டேஷன் கேட்பார்கள், ஆபரேட்டருக்கு மறுபயிற்சி கொடுப்பார்கள். கருவியைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி 90 அளவுகள் எடுத்தால், மறுபடியும் அதே மோசமான விடை வரும்.

விடைத் தாளிலேயே குற்றத்தின் தடயம் இருக்கிறது. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும். அனோவா அட்டவணையின் முதல் நெடுவரிசை, ஒவ்வொரு காரணத்துக்கும் எத்தனை சுதந்திரமான ஒப்பீடுகள் உண்டு என்று காட்டும். பத்துப் பாகங்கள் என்றால் 9, மூன்று ஆபரேட்டர்கள் என்றால் 2, இரண்டும் சேர்ந்து செய்யும் விளைவுக்கு 18, மிச்சத்துக்கு 60. கூட்டினால் 89, அதாவது 90க்கு ஒன்று குறைவு. மேலே சொன்ன தவறான கணக்கில் இதே இடத்தில் 1, 2, 2, 84 என்று இருக்கும். கூட்டுத்தொகை அதே 89. அனுபவசாலி ஒருவர் பார்த்தால், அளவுகளைப் பார்க்காமலேயே, பாகத்துக்கு எதிரே 1 என்று இருப்பதிலிருந்து ஒரு நொடியில் சொல்லிவிடுவார். அந்த அனுபவசாலி எல்லா ஆலையிலும் இருப்பதில்லை. இரண்டாம் அடுக்கு சப்ளையரிடம் குவாலிட்டி துறை என்பதே மூன்று நான்கு பேர். அவர்களில் நிரல் எழுதத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம். அவருக்கு மேலே கேட்க ஆள் கிடையாது. ஆர் மொழியை நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் தொடங்கி, இலவசமாக வெளியிட்டார்கள்; 2000 பிப்ரவரி 29 அன்று அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. அன்று முதல் இன்றுவரை அதைச் சுற்றி உலகெங்கும் ஒரு சமூகம் வளர்ந்திருக்கிறது. ஒரகடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு மேலே இருக்கும் ஆள் அந்தச் சமூகம்தான்.

ஆனால் அங்கே போய் 'கேஜ் ஆர் அண்டு ஆர் 92 விழுக்காடு வருகிறது, என்ன செய்வது?' என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. வரவும் முடியாது. கருவி தேய்ந்திருக்கலாம், பாகங்கள் எல்லாம் ஒரே அளவில் எடுக்கப்பட்டிருக்கலாம், ஆபரேட்டர் பிடிக்கும் விதம் வேறாக இருக்கலாம், எல்லாமே சாத்தியம். அதனால் அந்தச் சமூகத்தில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. கேட்பவர் தன் பிரச்சினையை, யார் கணினியிலும் அப்படியே ஓடக்கூடிய மிகச் சிறிய உதாரணமாகச் சுருக்கித் தர வேண்டும்: சில வரிகள் தரவு, சில வரிகள் நிரல், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது. ரெப்ரெக்ஸ் என்று அதற்குச் செல்லப் பெயர். ரோமேன் ஃபிரான்சுவா சூட்டிய பெயர் அது. அதைத் தயாரிக்க ஜென்னி பிரையன் தனி மென்பொருள் தொகுப்பே எழுதினார். புதிதாக வருபவர்களுக்கு இது அதிகாரத் தொனியாகப் படும். பதில் சொல்கிறவர்கள் சில நேரம் சுள்ளென்று பேசுவதும் உண்டு. அதற்கு வக்காலத்து வாங்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர்கள் கேட்கும் சுருக்கல் எதைச் செய்கிறது என்று பாருங்கள். 90 அளவுகளை 8 ஆக்க வேண்டும்: இரண்டு பாகங்கள், இரண்டு ஆபரேட்டர்கள், இரண்டு முறை. விடை கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் நாமே எண்களை வைக்க வேண்டும்: ஒரு பாகம் 10ஐச் சுற்றி, மற்றது 20ஐச் சுற்றி. இதில் பாகங்களின் வேறுபாடே எல்லாம் என்று குழந்தைக்கும் தெரியும். ஓட்டினால், வேடிக்கை, நிரல் சரியான விடை தருகிறது! இரண்டே பாகம் இருக்கும்போது நேர்கோடும் வகைப்பிரிவும் ஒன்றுதான். மூன்றாவது பாகம் ஒன்றை 5ஐச் சுற்றிச் சேர்த்தவுடன் விடை கெட்டுவிடுகிறது. இரண்டில் வராத கோளாறு மூன்றில் ஏன் வருகிறது என்று கேட்கத் தொடங்கியவர், அநேகமாகக் கேள்வியை அனுப்பும் முன்பே காரணத்தைத் தொட்டிருப்பார்.

ஷாப் ஃப்ளோரில் இந்த முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பாகத்தில் கோளாறு வந்தால் எந்த இயந்திரத்தில் வருகிறது, எதில் வரவில்லை, எந்த ஷிப்டில் வருகிறது, எந்த லாட்டில் வரவில்லை என்று பிரித்துக்கொண்டே போவார்கள். அளவுக் கருவியில் சந்தேகம் வந்தால், அளவு உறுதியாகத் தெரிந்த மாஸ்டர் பீஸையோ ஸ்லிப் கேஜையோ வைத்துப் பார்ப்பார்கள். கணக்குக்கும் மாஸ்டர் பீஸ் உண்டு என்பது மட்டும் பலருக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் தேசிய தர அளவியல் நிறுவனமான நிஸ்ட், புள்ளியியல் மென்பொருள்களைச் சோதிப்பதற்கென்றே சான்றளிக்கப்பட்ட விடைகளோடு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டிருக்கிறது. அவற்றில் ஒன்று பார்க்க மிக எளிது: 1001 எண்கள். முதலாவது 10000000.2, பிறகு 10000000.1, 10000000.3 என்று மாறிமாறி. திட்டவிலக்கம் மிகச் சரியாக 0.1 என்று கையால் போட்டே காட்டிவிடலாம். ஆனால் எண்களின் வர்க்கங்களைக் கூட்டி, கடைசியில் கழிக்கும் பழைய சுருக்கு வழியில் போனால், கணினி நினைவில் வைத்திருக்கும் ஏறக்குறைய 16 இலக்கங்களும் பெரிய எண்ணிலேயே தீர்ந்துபோய், நமக்கு வேண்டிய சிறிய வேறுபாடு காணாமல் போய்விடும். பழைய எக்செல் பதிப்புகள் இதில் தோற்றன. மெக்கல்லோவும் வில்சனும் 1999இல் அதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். 2003 பதிப்பில்தான் கணக்கு முறை மாற்றப்பட்டது. பெரிய எண்ணின்மேல் சிறிய வேறுபாட்டைத் தேடுவதுதானே அளவியலின் அன்றாட வேலை. ஐஎஸ்ஓ 9001இன் 2008 பதிப்பே, அளவீட்டில் பயன்படும் மென்பொருள் அந்த வேலைக்குத் தகுதியானதா என்று பயன்படுத்தும் முன் உறுதி செய்யச் சொன்னது. கருவிக்கு ஒட்டும் ஸ்டிக்கரில் காட்டும் அக்கறையில் கால்வாசிகூட இந்த வரிக்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

வெளியாள் ஒருவர் ஓட்டிப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பதற்கு உலகறிந்த சாட்சி ஒன்று உண்டு. ஹார்வர்டு பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, அரசின் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சரிகிறது என்றது. பல நாட்டு அரசியல்வாதிகள் அதை மேற்கோள் காட்டிச் செலவைக் குறைத்தார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் அதே விடையை மறுபடி எடுத்துப் பார்க்க முயன்றார், வரவில்லை. ஆசிரியர்கள் தங்கள் எக்செல் தாளையே கொடுத்த பிறகுதான், சராசரிச் சூத்திரம் ஐந்து நாடுகளின் வரிசைகளை விட்டுவிட்டது 2013இல் தெரியவந்தது. ஆய்வில் வேறு சர்ச்சைகளும் இருந்தன. அவை இங்கே வேண்டாம். கவனிக்க வேண்டியது, கட்டுரையை மட்டும் படித்த ஆயிரக்கணக்கான பேரில் எவராலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்பது. தரவும் சூத்திரமும் சேர்ந்து, ஓடும் நிலையில், இன்னொருவர் கைக்குப் போனபோதுதான் பிழை வெளியே வந்தது.

இப்படி வெளியாரிடம் கொடுத்துக் கேட்பதற்கு எதிராகத் தொழிற்சாலைக்காரர்கள் சொல்லும் முதல் காரணம் ரகசியம். வாடிக்கையாளர் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தப்படி பாகத்தின் அளவுகளை வெளியே காட்ட முடியாது. நியாயமான காரணம், மீறவும் கூடாது. ஆனால் சுருக்கிய உதாரணத்துக்கு அந்த அளவுகள் தேவையே இல்லை. எல்லா அளவுகளிலிருந்தும் ஒரே எண்ணைக் கழித்து, ஒரே எண்ணால் பெருக்கிவிட்டு, எல்லைகளையும் அதே போல மாற்றினால் சிபிகே துளியும் மாறாது. கேஜ் ஆர் அண்டு ஆர் விழுக்காடும் மாறாது. 25 மி.மீ. ஷாஃப்ட் உலகத்தின் பார்வைக்கு வெறும் 3, மைனஸ் 1, 4 என்று தெரியும். அப்படி மாற்றியதும் கோளாறு மறைந்துவிட்டால் அதுவே துப்பு: எண்களின் பருமனிலோ, அவை சேமிக்கப்பட்ட வடிவத்திலோதான் சிக்கல். அப்படியான சிக்கல் ஒன்று ஆர் மொழியில் நெடுநாள் இருந்தது. நூற்றுக்கணக்கான மைக்ரான் அளவுகள் உள்ள நெடுவரிசையில் ஒரே ஒரு கட்டத்தில் யாரோ 'என்ஜி' (நாட் குட், அதாவது தேறவில்லை) என்று எழுதியிருந்தால் நெடுவரிசை முழுவதும் எழுத்தாகக் கருதப்பட்டு, வகைகளாக மாற்றப்படும். அதை மறுபடி எண்ணாக்கச் சொன்னால் மொழி அளவைத் தராது, வகையின் வரிசை எண்ணைத் தரும். 12, 7, 9 என்ற மூன்று மைக்ரான் அளவுகளும் அகரவரிசை போல ஒழுங்காகி 1, 2, 3 என்று வந்து நிற்கும். மூன்றுமே நம்பும்படியான மைக்ரான் அளவுகள்! எழுத்தைத் தானாகவே வகையாக்கும் அந்த இயல்பு 2020இல் வந்த 4.0.0 பதிப்பில் மாற்றப்பட்டது. இப்போது எண்ணாக்கும்போது ஒரு எச்சரிக்கை வருகிறது. அதற்கும் 'இந்த எச்சரிக்கையை மறைப்பது எப்படி?' என்று கேட்பவர்கள் உண்டு. அனுபவசாலிகள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை; அந்த நெடுவரிசையில் என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

இரண்டாவது எதிர்வாதம் புதியது: செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவிகள் நொடியில் நிரல் எழுதித் தருகின்றன, மனிதர்களிடம் ஏன் காத்திருக்க வேண்டும்? அவை பயனுள்ளவை, மறுப்பதற்கில்லை. ஆனால் அவையும் நாம் சொன்னதை வைத்துத்தான் பேசும். 'கேஜ் ஆர் அண்டு ஆர் அதிகம்' என்று மட்டும் சொன்னால் தேய்மானம், பயிற்சி, பிடிமானம் என்று நம்பும்படியான பட்டியல் ஒன்று வரும். அனோவா அட்டவணையை ஒட்டினால் மிச்சத்துக்கு எதிரே இருக்கும் அந்த 84ஐ அவையும் பிடித்துவிட வாய்ப்பு அதிகம். ஆக, சுருக்கிக் கேட்கும் வேலை அங்கேயும் நம் தலையில்தான். வேறுபாடு ஒன்று இருக்கிறது: பொதுவெளியில் ஒருவர் சொன்ன பதிலை இன்னொருவர் மறுக்கலாம், சம்பந்தப்பட்ட மென்பொருள் தொகுப்பை எழுதியவரே வந்து திருத்தலாம். தனி உரையாடலில் கிடைத்த தவறான பதிலை மறுக்க அங்கே மூன்றாவது ஆள் இல்லை. மனிதர்கள் சொல்லும் பதிலும் தவறாக இருக்கலாம் என்பது உண்மையே. அதனால்தான் விடை தெரிந்த உதாரணம் வேண்டும்; பதில் யாரிடமிருந்து வந்தாலும் அதில் ஓட்டிப் பார்த்து ஏற்கலாம், தள்ளலாம்.

காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லையே என்பவர்களுக்குப் பாதி விட்டுக்கொடுக்கிறேன். கேஜ் சோதனைக்கென்றே தனி மெனு உள்ள மென்பொருளில் பாகம் எது, ஆபரேட்டர் யார் என்று கேட்டு, தானே வகையாக எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன நேர்கோட்டுக் கோளாறு அங்கே வராது. ஆனால் சிபிகே எந்தத் திட்டவிலக்கத்தில் போட்டது என்ற கேள்வி அங்கேயும் அப்படியே நிற்கிறது. குழுவுக்குள் இருக்கும் மாறுபாட்டை மதிப்பிடவே ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் அதன் விருப்பத் தேர்வுகளில் ஒளிந்திருக்கின்றன. தவிர, மூன்றாம் அடுக்கு லேத் பட்டறைக்காரர் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டுவதைவிட இலவச மொழி ஒன்றைக் கற்ற பையனை வேலைக்கு வைப்பது மேல் என்று நினைத்தால் அதைத் தப்பென்று சொல்ல முடியாது.

எனக்கு வலுவாகப் படும் எதிர்வாதம் மொழி பற்றியது. இந்த ஆலைகளின் தரப் பிரிவுகளில் வேலை செய்பவர்களில் பலர் தமிழ் வழியில் படித்து, பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ முடித்து வந்தவர்கள். உலகச் சமூகத்தின் பேச்சு ஆங்கிலத்தில் நடக்கிறது. நான்கு பத்தி ஆங்கிலத்தில் தன் சிக்கலை விளக்கி, 'புரியவில்லை' என்று பதில் வாங்குவதைவிட பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒருவர் நினைத்தால் அது கோழைத்தனம் இல்லை. ஆனால் இங்கேதான் சுருக்கிய உதாரணம் கேட்பவர் பக்கம் நிற்கிறது. அது ஓடும்போது பேச்சு தேவைப்படாது. தரவு ஒன்பது வரி: மூன்று பாகம், ஒரே ஆபரேட்டர், மும்மூன்று முறை. நிரல் இரண்டு வரி. 'பாகத்துக்கு 2 எதிர்பார்த்தேன், 1 வந்தது' என்று சொல்ல எட்டாம் வகுப்பு ஆங்கிலம் போதும். பிரேசிலில் இருப்பவரும் ஜப்பானில் இருப்பவரும் இதைத் தங்கள் கணினியில் ஒட்டி, அதே 1ஐப் பார்ப்பார்கள். பதிலும் ஒரு வரியாகத்தான் வரும்: பாக நெடுவரிசையை வகையாக அறிவியுங்கள். ஆலையின் 90 அளவுகளில் அந்த ஒரு வரியைச் சேர்த்து ஓட்டினால் பாகத்துக்கு எதிரே 9 வரும், மிச்சத்துக்கு எதிரே 60 வரும். விழுக்காடு 10க்கும் 30க்கும் நடுவே எங்காவது நின்றால், அந்தக் கேஜை அந்தப் பாகத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்பதை வாடிக்கையாளர் நிறுவனத்தின் குவாலிட்டி ஆட்களோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.